கராஜில் விட்ட பிள்ளையும் விட்டுவந்த காணியும்

வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்களில் "மகனைக் கராஜில் விட்டிருக்கிறோம், சாமி" என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் 1980களின் நடுப்பகுதியில் நீரில் மூழ்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைச்சரிவுகள் இடிந்து இறங்கின. கண்டியைச் சுற்றிக் காணி இழந்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. நிலம் போனால் பிள்ளை நகரத்துக்குப் போகிறான். போகட்டும். ஆனால் 'விட்டிருக்கிறோம்' என்ற சொல்தான் எம்மைச் சங்கடப்படுத்துகிறது. ஆட்டுக்குட்டியைப் பட்டியில் விடுவதுபோல் பிள்ளையை விட முடியாது. என்ன வேலை, யாரிடம், எத்தனை வருடம், கடைசியில் கையில் என்ன சான்றிதழ் என்று கேட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

வாகன ஏ.சி. திருத்தும் வேலையை நாம் இங்கே எடுத்துப் பேசக் காரணமுண்டு. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியில் ஏ.சி. எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். மழைக்காலத்தில் கடுகண்ணாவை ஏற்றத்திலோ நுவரெலியா வீதியிலோ வான் ஓட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவியை உலர்த்துவது ஏ.சி.தான். அது வேலை செய்யாவிட்டால் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வளைவுகளைக் கடக்க வேண்டும். மேலும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. ஒழுங்காகச் செய்யத் தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம்.

வாய்க்கால் பார்த்த குடும்பத்துக்கு இந்த வேலை எளிதில் விளங்கும். கம்பிரசர் வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. வண்டியின் முன்புறத்தில் உள்ள கண்டென்சரில் அது தன் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பிறகு ஒரு சிறிய வால்வு வழியே டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டருக்குள் பாய்ந்து, ஆவியாகும்போது வண்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. மீண்டும் கம்பிரசருக்கே திரும்புகிறது. இது மூடிய சுற்று. பெற்றோலைப்போல் இந்த வாயு எரிந்து தீர்வதில்லை; குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். வரம்பில் நண்டு வளை இருக்க, அதைப் பார்க்காமல் மடையைத் திறந்துகொண்டே இருப்பவனை விவசாயி என்போமா? பல இடங்களில் நடப்பது அதுதான். வண்டி வந்ததும் 'கேஸ் அடித்து' அனுப்புகிறார்கள். சில மாதங்களில் அதே வண்டி திரும்பி வருகிறது. தொழில் தெரிந்தவன் நைதரசன் அழுத்தம் கொடுத்து, சவர்க்கார நுரை பூசிக் கசிவைக் கண்டுபிடிப்பான். அதைச் சரிசெய்தபின் வெற்றிடப் பம்பியால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பான். பிறகே அந்த வண்டிக்குரிய அளவு வாயுவை நிறுத்துப் போடுவான். ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகி உலோகத்தைத் தின்னும்.

வெளியே விடும் வாயு எங்கே போகிறது என்பதும் எமது கவலை. முன்னர் கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்தது. 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையின் பின் அது படிப்படியாக விலக்கப்பட, 1990களில் ஆர்-134ஏ அதன் இடத்துக்கு வந்தது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. காரில் அரைக் கிலோ அளவு இருக்கும். குழாயைக் கழற்றி அதை 'உஸ்' என்று விடுவது, சுமார் 700 கிலோ கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். பெருமழையில் மலையோடு வீட்டையும் இழந்தவர்களின் பிள்ளைக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று கராஜில் கேளுங்கள்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ஆர்-134ஏ கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியஸில்; கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களின் கம்பிரசர் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தில் ஓடுகிறது. சாதாரண காருக்குரிய பி.ஏ.ஜி. எண்ணெய் அதில் கலந்தால் மின்காப்புக் கெடும். மலிவு வாயுவின் கதையோ இன்னும் மோசம். 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் கலப்பட வாயு ஏற்றப்பட்ட குளிர்க்கொள்கலன்கள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலுமாகத் தொழிலாளர் மூவர் மாண்டனர். அந்தக் கலப்படம் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது.

இத்தகைய வேலையைத் தேநீர் வாங்கிக் கொடுத்தும் டயர் கழற்றியும் ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. அப்படியிருந்தும் எம் பிள்ளைகள் பலர் பாஸின் கோலயாவாக, சம்பளமின்றி, வருடக்கணக்கில் நிற்கிறார்கள். இது பயிற்சி அல்ல, சுரண்டல். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் பதிந்து, ஒப்பந்தத்தோடு பழகும் வழி உண்டு. ஏற்கனவே கைத்தொழில் தெரிந்தவர்கள் பாடசாலைச் சான்றிதழ் இல்லை என்று தயங்க வேண்டாம். முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்து காட்டியே என்.வி.கியூ. தகைமை பெறலாம். மதிப்பீடு தமிழில் நடக்குமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உரிமை. வளைகுடாவுக்கு அனுப்புவதாக முகவர் பணம் கேட்டால், முதலில் இந்தச் சான்றிதழ், பிறகு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரணை, அதன்பின்னரே பணம்.

இன்னொன்று. 'பிள்ளைக்குத் தொழில் இருக்கிறதே, இனிக் காணி எதற்கு?' என்ற பேச்சைக் கூட்டங்களில் கேட்கிறோம். இதை நாம் ஏற்கவில்லை. தொழில் மகனுடையது, காணி குடும்பத்துடையது. இழந்த நிலத்துக்கு மாற்று நிலமும் நட்டஈடும் கேட்பது, மகன் கம்பிரசர் கழற்றக் கற்றதால் இல்லாமல் போய்விடாது. பிரதேச செயலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். மகன் உழைக்கிறான் என்று காரணம் காட்டி எவராவது உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டுவதாகச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.