மரனெல்லோவும் பெருங்களத்தூரும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காஞ்சன்பாக்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் மகனுடன் வந்திருந்தார். ஆலையில் பிட்டராக இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர். என்னினும் மூத்தவராதலின் அவரை ‘அண்ணா’ என்றே அழைப்பேன். பையன் பாலிடெக்னிக்கில் தேறியவன். ஓரிடத்திற்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்று, “வேண்டாம்” என்று திருப்பியனுப்பப்பட்டு ஒரு வாரமே ஆகியிருந்தது.

“தம்பி, சுவர் முழுவதும் சிவப்புக் கார்ப் படம் ஒட்டி வைத்திருக்கிறான். மோட்டார்ப் பட்டறையில் சேரப் போகிறானாம். இரயில்வேப் பரீட்சை எழுதும்படி நீங்களாவது புத்தி சொல்லுங்கள்” என்றார் அண்ணா.

படத்தில் இருந்தது இத்தாலி தேசத்துப் பெராரி. யானோ மெட்ரிகுலேஷனோடு நின்றவன், இரயில்வேயில் குமாஸ்தா. ஆயினும் மோட்டார் வண்டிகளைப் பற்றிப் படிப்பதில் சிறு வயது முதலே எனக்கு விருப்பம் உண்டு. ஆகவே புத்தி சொல்வதற்கு மாறாக ஒரு வரலாற்றைச் சொன்னேன். அதனையே இம்மாதம் இங்கு எழுதுகிறேன்.

என்சோ பெராரி 1898இல் மோதெனா நகரில் பிறந்தவர். தந்தையார் உலோகப் பட்டறை வைத்து இரயில்வேக்கு இரும்புக் கட்டுமானங்கள் செய்து கொடுத்தவர். அவ்வகையில் நம் இலாகாவுக்கு உறவினர் எனலாம்! 1916இல் தந்தையும் தமையனும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். முதல் உலகப் போரில் என்சோவுக்குக் கிடைத்த வேலை, படையின் கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிப்பது. போர் முடிந்ததும் தூரின் நகரில் பியட் நிறுவனத்திடம் வேலை கேட்டார். இல்லையென்று அனுப்பிவிட்டனர்.

பின்னர் ஆல்பா ரோமியோ வண்டிகளைப் பந்தயத்தில் ஓட்டினார். 1929இல் சொந்தப் பந்தயக் குழு அமைத்தார். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், தொழிற்சாலையை மரனெல்லோ என்னும் சிற்றூருக்குக் கொண்டு சென்றார். 1947இல் அவருடைய பெயர் தாங்கிய முதல் வண்டி வெளிவந்தது. அதன் யந்திரம் ஒன்றரை லிட்டர்தான். ஆனால் பன்னிரண்டு சிலிண்டர்! 1969இல் அவருடைய நிறுவனத்தில் சரிபாதிப் பங்கை விலை கொடுத்து வாங்கியது எது தெரியுமா? அன்று வேலை இல்லையென்ற அதே பியட்!

பையன் முகம் சற்றே மலர்ந்தது. “அது இத்தாலி, மாமா. நம் ஊரில் நடக்குமா?” என்று கேட்டான். நம் ஊரிலும் ஒரு கதை உண்டு என்றேன்.

பெராரியின் முதல் வண்டி வந்த மறு ஆண்டில், 1948இல், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனம் தோன்றிற்று. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் வான்கார்டு வண்டியைத்தான் முதலில் பூட்டி விற்றது. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் அதன் தொழிற்சாலை இருந்தது. 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் தூரினில் பிறந்த ஜியோவன்னி மிக்கெலோத்தி என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. பெராரி வண்டிகள் பலவற்றிற்கு வடிவம் தந்த கையே, சென்னைத் தெருக்களில் ஓடிய அச்சிறு வண்டிக்கும் வடிவம் தந்தது! இருபத்தைந்து அடி வட்டத்திற்குள் திரும்பிவிடக்கூடிய வண்டி அது. நான்கு கதவு வைத்த ஹெரால்டை உலகில் நம் நாட்டில் மட்டுமே செய்தனர்.

எனினும் அந்த வரலாறு நிலைக்கவில்லை. எத்தனை வண்டி செய்யலாம், எந்த உறுப்பை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்பதற்கெல்லாம் சர்க்கார் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய வண்டியைக் கொணர்ந்தனர். அது இங்கிலாந்து ரோவரின் உருவம்; அந்த ரோவரின் முகச்சாயலோ பெராரி டேடோனாவைப் பார்த்து எழுந்தது. ஆனால் உள்ளே வைத்ததோ பழைய வான்கார்டு வழிவந்த யந்திரம். மேனி புதிது, நெஞ்சு பழையது. விலையும் மிகுதி, எண்ணெய்ச் செலவும் மிகுதி. 1983 இறுதியிலேயே சிக்கனமான மாருதி சந்தைக்கு வந்துவிட்டது. 1988இல் உற்பத்தி நின்றது. அதே 1988இல்தான் என்சோ பெராரியும் தொண்ணூறு வயதில் காலமானார். முதலாளி மறைந்தும் மரனெல்லோவில் உலைகள் அணையவில்லை, பெருங்களத்தூரில் அணைந்தன.

இவ்விரு ஊர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று. மரனெல்லோ செல்வர்களுக்குச் சில வண்டிகளே செய்தது. பெருங்களத்தூர் நடுத்தரக் குடும்பங்களுக்குச் செய்தது. ஆயினும் ஒரு பாடம் உண்டு. உருவத்தைக் கடன் வாங்கலாம். யந்திரம் செய்யும் அறிவைத் தானே வளர்த்தாக வேண்டும். பெராரி பந்தயந்தோறும் தோற்றும் வென்றும் அவ்வறிவையே வளர்த்தார்.

அண்ணா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனிடம், “பட்டறையில் முதல் ஆறு மாதம் தரை கூட்டச் சொல்வார்கள். சம்மதமா?” என்றார். “சம்மதம், அப்பா” என்றான். “அப்படியானால் இரயில்வே மனுவையும் போட்டு வை. அம்மாவின் மனம் ஆறும்” என்றார். இருவர் சொல்லும் எனக்குச் சரியாகவே பட்டது. அடுத்த வாரமே பையன் பட்டறையில் சேர்ந்தான். இரயில்வே மனுவை நானே சரிபார்த்துக் கொடுத்தேன்.

அன்பர்களே, காஞ்சன்பாக் சாதாரண இடம் அன்று. 1970இல் தோன்றிய பாரத் டைனமிக்ஸும், 1973இல் தோன்றி அரிய உலோகக் கலவைகள் வடிக்கும் மிதானியும் இங்கேதான் உள்ளன. இத்தகைய ஆலைகளில் கைத்திறன் பெற்று ஓய்வடைந்தோர் நம் சங்கத்தில் இருப்பீர்கள். அளவு பார்ப்பதையும் அரம் பிடிப்பதையும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டுகிறேன். நம்மிடம் உள்ள அறிவு நம்மோடு மறைந்துவிடலாகாது. விருப்பமுள்ளோர் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் தருக. முதற் பெயரை அண்ணா ஏற்கெனவே தந்துவிட்டார்.