கையில் கலர், கணக்கில் ஓட்டை

தீபாவளி ராத்திரி ஹாஸ்டலில் 'தீன் பத்தி' ஆடுவது வட இந்திய நண்பர்களின் வழக்கம். நம்ம பாஷையில் மூணு சீட்டு. போன வருஷம் நானும் உட்கார்ந்தேன். எனக்கு விழுந்த மூன்றும் ஆர்ட்டின்: ஏஸ், ஒன்பது, நாலு. கலர்! ஃப்ளஷ் என்றும் சொல்வார்கள். ஆட்டம் முடிந்தபோது மெஸ் பில்லுக்கு வைத்திருந்த 800 ரூபாய் காலி. எதிரில் இருந்தவனிடம் வெறும் ஆறு, ஏழு, எட்டு. அதுவும் வேறு வேறு ஜாதி.

"போங்கு! கலர்தானே பெருசு?" என்று கத்தினேன். போக்கர் பார்த்துப் பழகிய புத்தி. ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கரில் கலர் பெரிது. மூணு சீட்டில் சீக்வென்ஸ்தான் பெரிது.

ஏன்? எண்ணிப் பார்த்தால் தெரியும். 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். ஒரு ஜாதியின் 13 சீட்டில் மூன்றை எடுக்க 286 வழிகள், நான்கு ஜாதிக்கும் சேர்த்து 1,144. அதில் வரிசையாகவும் அமைந்துவிடும் 48 ப்யூர் சீக்வென்ஸைக் கழித்தால் கலர் 1,096. சாதா சீக்வென்ஸ் 720தான். அரிதாக வருவதற்கு மதிப்பு அதிகம், அவ்வளவுதான். ஐந்து சீட்டில் கலர்தான் அரிது, அதனால் அங்கே தலைகீழ்.

சரி, இது தெரிந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேனா? இல்லை என்பதுதான் என் கட்சி.

ஐந்து பேர் ஆடும்போது, மற்ற நாலு பேரில் ஒருவருக்காவது சீக்வென்ஸோ அதற்கு மேலோ விழுந்திருக்க ஏறத்தாழ 14 சதவீதம்தான் வாய்ப்பு. "அப்போ கலர் வந்தால் தைரியமா போடலாமே" என்று தோன்றும். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ஜோடிகூட இல்லாத கைதான் 74 சதவீதம். அவர்களில் பெரும்பாலானவர்கள் சீக்கிரமே பேக் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். சீட்டைப் பார்த்த பிறகும் சுற்றுக்குச் சுற்று பணத்தை ஏற்றிக்கொண்டே ஒருவன் உட்கார்ந்திருந்தால், அவன் கையில் இருப்பது அந்த 22,100-ல் ஏதோ ஒன்று அல்ல. 14 சதவீதம் என்பது சீட்டுப் போட்ட நிமிஷத்துக் கணக்கு. ஐந்தாவது சுற்றில் அது செல்லாது.

ஆக, கலர் சின்னச் சின்ன ஆட்டங்களை ஜெயித்துக் கொடுக்கும், பெரிய ஆட்டத்தில் காலை வாரும். மோசமான கையை வைத்துக்கொண்டு யாரும் மெஸ் காசைத் தோற்பதில்லை. நல்ல கையை நம்பித்தான் தோற்கிறோம். கணக்கு தெரிந்தால் ஜெயிக்கலாம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: எதிரில் இருப்பவன் மட்டும் அந்தக் கணக்கைப் படிக்காதவனா?

இந்தத் தீபாவளிக்கும் கூப்பிட்டார்கள். தீக்குச்சி வைத்து ஆடினால் வருகிறேன் என்றேன். ஒருத்தன்கூட சம்மதிக்கவில்லை. அப்போ இவர்களுக்குப் பிடித்தது சீட்டா, காசா? நீங்களே சொல்லுங்க!