இயக்கம் கசந்தால் எழுத்தும் கசக்கவேண்டுமா?

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 18-ஆம் நூற்றாண்டில் உசுகான் என்னும் ஆர்மீனிய வணிகர் கட்டிய பழம்பாலம் இருந்த இடம் அது. நாள்தோறும் அதன்மேற் செல்வோருள் அப் பெயரை முழுதாய்ச் சொல்லுவார் எத்துணைப் பேரோ! அதனைக் கடந்து கிண்டி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் பல்லாவரம். 1911 முதல் 1950-இல் மறையும்வரை அடிகள் வாழ்ந்த ஊர். அங்கு அவர்தம் வீட்டு வாயிலில் ஓர் இளைஞர் உள்ளம் உடைந்து திரும்பிய செய்தி தனித்தமிழ் அன்பர்கட்குப் புதியதன்று. ஆயினும் அதனைச் சொல்லுவோர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர்.

அவ் விளைஞர், 1907-இல் பூதப்பாண்டியிற் பிறந்த ப. சீவானந்தம். தமிழ்ப்பற்று முதிர்ந்து தம் பெயரை உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டவர். அவர் அடிகளைக் காணச் சென்று கதவைத் தட்டியபோது, வந்தவர் அஞ்சற்காரரோ என வினவிய குரல் 'போஸ்ட்மேன்' என்னும் ஆங்கிலச் சொல்லையே ஆண்டதாம். பலராலும் சொல்லப்பட்டுவரும் நிகழ்ச்சி இது. உயிரின்பன் மீண்டும் சீவானந்தம் ஆனார்.

அடிகள் வாயில் அயற்சொல் வந்ததெனின், அது குறையே, மூடி மறைக்கவேண்டுவதில்லை. ஆனால், பல நூற்றாண்டுப் பழக்கம் ஒரு வாழ்நாளில் நாவை விட்டு நீங்காது என்பதற்கன்றோ அது சான்று? கொள்கை பொய் என்பதற்கு அது எங்ஙனம் சான்றாகும்? மருத்துவர் இருமினார் என்று மருந்தைத் தெருவிற் கொட்டுவாரும் உண்டோ? சீவானந்தம் அவ்விடத்துச் சறுக்கினார் என்றே சொல்லல் வேண்டும்.

ஆனால் அவர் வாழ்வில் இரண்டாவது கசப்பும் ஒன்றுண்டு. தன்மான இயக்கத்தின் முன்னணியில் நின்ற அவர், பகத்சிங்கு எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' என்னும் நூலைத் தமிழாக்கியமைக்காகச் சிறைப்பட்டார். மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளிவருமாறு இயக்கத் தலைமை அறிவுறுத்தியமையும், அரசின் அடக்குமுறைக்கிடையே அது பொதுவுடைமைப் பரப்புரையைப் பின்னுக்குத் தள்ளியமையும் அவரைப் புண்படுத்தின. 1936 அளவில் அவரும் அவரையொத்தோரும் தனிவழி கண்டனர். அவர் செய்தது என்ன? திண்ணையில் அமர்ந்து தலைவர்களைத் தூற்றிப் பொழுது போக்கினாரா? இல்லை. 1937-இல் தொடங்கிய 'சனசக்தி' ஏட்டின் ஆசிரியப் பொறுப்பேற்று எழுதினார். 1952-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றஞ் சென்றபோது, தமிழே ஆட்சிமொழியாகவும் பயிற்றுமொழியாகவும் இருத்தல் வேண்டுமென்று அவையில் வழக்காடினார். பல்லாவரத்து வாயிலில் விட்டுவிட்டதாக அவர் எண்ணிய தமிழ் அவரை விடவில்லை போலும்! தனித்தமிழை விட்டவர்தாம், தமிழை விட்டவரல்லர்.

அடிகளும் அத்தகையரே. கடவுட் கொள்கையில் தன்மான இயக்கத்தாரோடு கடுமையாக மோதியவர், 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது அவ் வியக்கத்தாரோடு ஓரணியில் நின்றார். அவ்வாண்டு நவம்பர் 13-இல் சென்னையிற் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அவர்தம் மகளார் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.இரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கியதும் அம் மாநாடே.

இன்று வாய்மூடிக் கிடக்கும் பழைய தொண்டர்களை நோக்கிச் சொல்லவேண்டியது இதுவே. 1965-இல் மொழிப்போரில் அடிபட்டவர்கள், 1967-இல் ஆட்சி மாறியதும் தமிழ் அரியணை ஏறிவிடும் என நம்பினர். நடந்தது வேறு. அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகலாயின. இயக்கத்தாரின் பிள்ளைகளே தமிழ்வழியிற் பயில்வது அரிதாயிற்று. கசப்பதற்குக் கரணியம் இல்லையென்று எவருஞ் சொல்ல முடியாது. ஒருகாலத்தில் திங்கள்தோறும் எழுதிக் குவித்தவர்கள், எழுதி என்ன பயன் என்று ஒதுங்கியமைக்கு இயக்கங்களும் பொறுப்பாளிகள். வினாத் தொடுத்தவரை இரண்டகர் என்றனர். கணக்குக் கேட்டவரைக் கட்டம் கட்டினர். புகழுரை பாடுவார்க்கு மட்டுமே பக்கங்களை ஒதுக்கும் ஏடு, ஒதுங்கியவர்மீது குறைகூற உரிமையற்றது. தம்மைச் சாடும் கட்டுரையை முதற்பக்கத்தில் வெளியிடும் துணிவு எந்த ஏட்டிற்கு உண்டோ, அதற்கே ஒதுங்கியவர்களும் திரும்பி வருவர்.

வருவோர் பழைய கட்சிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வரவேண்டும் என்பதில்லை. தலைவர்களைப் பாராட்டவேண்டும் என்பதுமில்லை. சைதாப்பேட்டையில் தமிழ்வழிப் பிரிவு எந்தெந்தப் பள்ளிகளில் இன்னும் உயிரோடிருக்கின்றது, எங்கு மூடப்பட்டது, மூடியபோது எவர் கையெழுத்திட்டார், எந்தக் கட்சிக்காரர் வாளாவிருந்தார் என்று தெருத்தெருவாய்ச் சென்று கேட்டு எழுதுதற்கு, எக் கட்சிக்கும் கடன்படாத அவர்களைவிடத் தக்கவர் எவருளர்?