குழுவாய்க் குறி பார்த்தல்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் மதிலையடுத்துத் தறியோசை கேட்டே வளர்ந்த எமக்குத் துப்பாக்கிப் பந்தயத்தைப் பற்றி எழுத உரிமை யாதென்று சிலர் வினவக்கூடும். கோர்வைச் சேலை நெய்வதைக் கண்டோர் அவ்வாறு வினவார். நெசவாளியோடு துணையாள் ஒருவர் அருகிருந்து மறுகரைக்குரிய நாடாவை எறிதல் வேண்டும்; இருவரில் எவர் கை பிசகினும் கெடுவது சேலையன்றோ? குழுவாய்க் குறிபார்த்துச் சுடுதலும் அத்தகையதே.

1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில், பிஸ்லி மைதானத்தில் இராணுவ ரைபிள் குழுப்போட்டி நடைபெற்றது. ஒரு நாட்டிற்கு அறுவர். 200 கெஜம் முதல் 1,000 கெஜம் வரை ஆறு தூரங்கள். அமெரிக்கர் 2,531 புள்ளிகள் பெற்று வென்றனர், பிரிட்டானியர் 2,497, கனடியர் 2,439. நம் நாட்டின் பெயர் அங்கே இல்லை. வியப்பு யாதெனில், கோலாப்பூர் அரசர் ஈந்த கிண்ணத்திற்காக எண்மர் கொண்ட குழுக்கள் 1871 முதலே இங்கிலாந்தில் போட்டியிட்டு வந்தன. பரிசளித்தவர் நம்மவர், சுடும் வாய்ப்போ நம் குடிகளுக்கு இல்லை. லிட்டன் பிரபுவின் காலத்தில் 1878இல் பிறந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியரை விலக்கி, இந்தியரை மட்டும் லைசென்ஸ் கேட்டு நிற்கச் செய்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அதனைத் திருத்துமாறு தீர்மானித்தும் பயன் விளையவில்லை.

அச்சட்டத்தால் நாம் இழந்தது துப்பாக்கியை மட்டுமன்று. பலர் கூடிப் பயிலும் பழக்கத்தையே இழந்தோம் என்பது எம் கருத்து. செல்வமும் வேட்டைக்காடும் உடையோர் தனித்துப் பயிலலாம். பிக்கானேர் மன்னர் கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களிற் கலந்துகொண்டார். அவர் திறமையை நாம் குறைத்துரையோம். ஆயினும் அரண்மனை ஒரு வீரரைத் தரும், குழுவைத் தராது. 1924இல் பாரிஸில் ஹெயிட்டி என்னும் சிறு தீவு நாட்டார் ஐவர், அந்நியப் படை தம் மண்ணில் நின்ற காலத்திலேயே, பிரெஞ்சுக்காரருக்குச் சமமாய் 646 புள்ளிகள் எடுத்து வெண்கலம் பெற்றனர். மூன்றாண்டுகளுக்கு முன்னரேனும் நம்மவர் ஒரு குழு அனுப்பியிருப்பின் என்று எண்ணுந்தோறும் எமக்கு மனம் பொறுக்கவில்லை.

தேசிய ரைபிள் சங்கம் நம் நாட்டில் 1951இல்தான் தோன்றிற்று. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ருத்ராங்க்ஷ் பாட்டீல் 632.5, ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் 631.6, திவ்யான்ஷ் பன்வார் 629.6 என எடுத்து, மொத்தம் 1,893.7 புள்ளிகளால் தங்கமும் உலக சாதனையும் பெற்றனர். சீனர் வைத்திருந்த பழைய சாதனையினும் இது 0.4 மட்டுமே மிகுதி. மூவரிற் குறைந்தவராகிய பன்வார் அரைப்புள்ளி தவறியிருப்பின் அச்சாதனை நமக்கில்லை.

நம் கல்லூரியில் தேசிய மாணவர் படையைச் சேர்ந்தோர் சிலரே ரைபிளைத் தொடுகின்றனர். பரிசுகளும் தனியொருவர்க்கே வழங்கப்படுகின்றன. கல்லூரியே நான்கு காற்றுத் துப்பாக்கிகளை வாங்கி, தக்க ஆசிரியரின் மேற்பார்வையில், மாலைதோறும் எல்லா மாணாக்கர்க்கும் பயிற்சி தரவேண்டுமென்றும், ஆண்டுவிழாவில் மூவர் குழுவுக்கென ஒரு கிண்ணம் வைக்கவேண்டுமென்றும் கேட்கின்றோம். இடமில்லையென்பது விடையாகாது. காற்றுத் துப்பாக்கிக்கு வேண்டிய தூரம் 10 மீட்டர். எம் தெருவில் காலையிற் பாவு நீட்டுவதற்கு அதனினும் நீண்ட இடம் வேண்டும்.