கன்று வளர்க்கும் பிள்ளைகளும் பட்டிப் பொங்கலும்

ஜேர்மனியில் கோடை பிறந்ததும் நாட்டுப்புறங்களில் கால்நடைக் கண்காட்சிகள் தொடங்கிவிடும். கீழ்ச் சக்சனி மாநிலத்திலுள்ள தார்ம்ஸ்ரெட் என்ற சிற்றூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கிய விவசாயக் கண்காட்சி இன்றும் யூலை மாதத்தில் பெருந்திரளான மக்களை ஈர்க்கின்றது. ஆடு, மாடு, குதிரை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ஆயினும் பார்ப்போர் மனத்தைப் பெரிதும் கவர்வது பிள்ளைகள் கன்றுகளை நடத்திக் காட்டும் போட்டியே. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்த சிறுவரும் சிறுமியரும், தம் தோளளவு உயர்ந்த கன்றை ஒரு கயிற்றில் பிடித்துக்கொண்டு, மரத்தூள் பரப்பிய வட்டத்தில் மெல்ல மெல்ல நடந்து வருவர்.

இளம் இனவிருத்தியாளர் என்று பொருள்படும் யுங்சூக்ட்டர் என்ற பெயரில் இப்பிள்ளைகளுக்குச் சங்கங்கள் உண்டு. மிகச் சிறியவர்களுக்குப் பம்பினி என்ற தனிப் பிரிவு இருக்கின்றது. தாயோ தந்தையோ பக்கத்தில் நடந்து வர, நான்கைந்து வயதுப் பிள்ளையும் அதிலே பங்குபற்றும். போட்டியில் பெரும்பாலும் மதிப்பிடப்படுவது கன்றின் அழகு அன்று. பிள்ளை அதை நடத்தும் முறையே. கன்று தலை நிமிர்ந்து நடக்கின்றதா, நில் என்றதும் கால்களைச் சரியாக வைத்து நிற்கின்றதா, பிள்ளையின் கண் கன்றின் மேலும் நடுவர் மேலும் மாறி மாறி இருக்கின்றதா என்பனவற்றையே நடுவர் கவனிப்பார். பின்னர் ஒலிவாங்கியைப் பிடித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கண்ட நல்லதை எடுத்துச் சொல்வார். பம்பினிப் பிரிவில் எல்லோருக்கும் பரிசு கொடுத்து அனுப்புவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம்.

இந்தச் சில நிமிட நடைக்குப் பின்னால் பல கிழமை உழைப்பு இருக்கின்றது. வசந்த காலத்திலேயே பிள்ளை தனக்கென ஒரு கன்றைத் தெரிந்துகொள்ளும். முதலில் கழுத்துக் கயிற்றுக்குப் பழக்க வேண்டும். கன்று இழுக்கும், குதிக்கும், சில வேளை நிலத்திலே படுத்துவிடும். அதட்டினால் மிரளும், அடித்தால் அடுத்த நாள் கிட்டவும் வராது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வந்து, தடவிக் கொடுத்து, சிறிது தூரம் நடத்திச் சென்றால்தான் அது வழிக்கு வரும். குளிப்பாட்ட வேண்டும், உரோமத்தைக் கத்தரிக்க வேண்டும், காதுக்குள்ளும் துடைக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் மற்றப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகும்போது இவர்கள் கொட்டிலில் சாணம் அள்ளுவர். கையிலிருக்கும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எதுவும் வந்துவிடும் என்ற எண்ணத்தோடு வளரும் ஒரு தலைமுறையிலே, அழுத்துவதற்குப் பொத்தான் இல்லாத ஓர் உயிரோடு பழகும் பிள்ளை பெறுகின்ற கல்வி சிறிதன்று.

இந்நாட்டார் இத்தகைய விழாக்களை நெடுங்காலமாகப் பேணி வருகின்றனர். உலகமே அறிந்த மியூனிக் ஒக்ரோபர் விழாவோடு 1811ஆம் ஆண்டிலேயே விவசாயக் கண்காட்சி ஒன்று இணைக்கப்பட்டது. அதன் வழிவந்த பெருங்கண்காட்சி 2024ஆம் ஆண்டிலும் அதே திடலில் நடந்தது. மாக்ஸ் ஐத் என்ற பொறியியலாளர் 1885ஆம் ஆண்டில் ஜேர்மன் விவசாயச் சங்கத்தை நிறுவி, ஊருக்கு ஊர் மாறிச் செல்லும் கண்காட்சிகளுக்கு வழி வகுத்தார். நல்ல மாடு எது, அதை வளர்க்கும் முறை எது என்பதை விவசாயி கண்ணால் கண்டு கற்க வேண்டும் என்பதே நோக்கம்.

தமிழருக்கு இது புதியதா என்றால் இல்லை. ஈரோடு மாவட்டத்து அந்தியூர்க் குருநாதசாமி கோவிலில் ஆடித் திருவிழாவோடு மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுகின்றன. வெள்ளகோவிலுக்கு அருகிலுள்ள கண்ணபுரத்தில் மாரியம்மன் கோவில் விழாவை ஒட்டிக் காங்கேயம் மாடுகள் திரளாக வந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிச் சவாரி என்றால் ஊரே திரண்ட காலத்தை முதியோர் இன்னும் மறக்கவில்லை. தோட்ட நிலத்தில் இரவில் மாடுகளைப் பட்டி அடைத்து எருவாக்கியதும், விடியற்காலையில் கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டுப் பின் கறந்ததும் அங்கே அன்றாட வாழ்க்கை. பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை சூட்டியது, ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு ஒரு நாள் செலுத்திய நன்றி.

தென் ஜேர்மனியின் அல்கொய் மலைப்பகுதியிலும் இதையொத்த ஒரு வழக்கம் உண்டு. கோடை முழுவதும் மலையில் மேய்ந்த மாடுகள் செப்ரெம்பர் மாதத்தில் ஊர் திரும்பும்போது, முன்னே நடக்கும் பசுவின் தலையில் மலர் முடி சூட்டுவர். ஆனால் அந்தக் கோடையில் மந்தைக்கு உயிரிழப்போ பெரு விபத்தோ நேர்ந்திருந்தால் முடி கிடையாது. அலங்காரம் என்பது பொறுப்பை நிறைவேற்றியதற்கு அடையாளம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலையைப் பார்க்கலாம். 1983ஆம் ஆண்டுக்குப் பின் இந்நாட்டுக்கு வந்தவர்களுள் பலர் மாடு கட்டிய வீடுகளிலே பிறந்தவர்கள். அவர்களது பேரப்பிள்ளைகளோ பசுவைப் பால் பெட்டியின் மேலுள்ள படத்திலே பார்க்கின்றனர். பட்டிப் பொங்கலன்று மண்ணால் செய்த பசுவுக்குப் பொட்டு வைக்கின்றனர். பசு தாய்க்குச் சமம் என்று மனனம் செய்கின்றனர். உயிருள்ள பசு மூச்சு விட்டால் பயந்து பின்வாங்குகின்றனர். ஹம் ஊன்ட்ரொப்பில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தைச் சுற்றியுள்ள நாட்டுப்புறமெங்கும் வயல்களும் மாட்டுக் கொட்டில்களும் உள்ளன. தேர்த்திருவிழாவுக்கு வருடந்தோறும் வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் அவற்றுள் ஒன்றையேனும் எட்டிப் பார்த்திருப்பர்?

இதற்கு ஒரு மறுப்பு எழும். கன்றை அன்பாக வளர்க்கும் அதே குடும்பம்தான் பின்னர் மாட்டை இறைச்சிக்கு அனுப்புகின்றது. அதைப் பார்த்துச் சைவப் பிள்ளைகள் என்ன கற்கப்போகின்றனர் என்று சிலர் கேட்பர். இக்கேள்வி நியாயமானது. பெரும்பாலான பாற்பண்ணைகளில் கன்று பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றது. நாம்பன் கன்றுகள் கொழுக்க வைக்கும் பண்ணைகளுக்கு விற்கப்படுகின்றன. அவற்றை 28 நாள் வயதாகுமுன் ஏற்றிச் செல்லக்கூடாது என்ற விதி 2023ஆம் ஆண்டு தை மாதம் முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 14 நாள் போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகள் கறந்தபின் பசுவும் அதே வழியில் செல்கின்றது.

ஆனால் இந்த மறுப்பைச் சொல்வோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலையில் தேநீரில் ஊற்றும் பாலும், ஆலயத்தில் குடம் குடமாக அபிடேகம் செய்யும் பாலும் அந்தக் கொட்டில்களிலிருந்தே வருகின்றன. பாலை வாங்கிக்கொண்டு, கன்றுக்கு என்ன ஆயிற்று என்று கேளாதிருப்பது அகிம்சை ஆகாது. ஊரிலே கிழட்டு மாட்டை விற்றபோது வாங்கியவர் யார் என்று விசாரியாமல் காசை எண்ணியவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. பண்ணைப் பிள்ளைக்காவது தான் பெயர் வைத்து வளர்த்த கன்றின் வாழ்வும் முடிவும் தெரியும். அது அழுதால் காரணம் தெரிந்து அழுகின்றது. பாலின் விலை மட்டுமே தெரிந்த குடும்பம் அந்தப் பிள்ளைக்கு அறம் போதிக்க முன்வருவது பொருந்தாது.

பண்ணைக் குடும்பங்களின் வாழ்வும் இலகுவானதன்று. 2000ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏறத்தாழ 1,38,000 பாற்பண்ணைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 50,000 ஆகச் சுருங்கிவிட்டது. 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் பிரண்டன்பேர்க் மாநிலத்தில் நீரெருமை மந்தை ஒன்றில் கோமாரி நோய் கண்டது. ஜேர்மனியில் 1988ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதல் தடவை. அம்மாதம் பேர்லினில் நடந்த பசுமை வாரக் கண்காட்சிக்கு மாடும் ஆடும் வரவில்லை. கன்றோடு நடக்கும் பிள்ளை, தொடர்ந்து நடத்த இயலுமோ என்று பெற்றார் அஞ்சும் ஒரு தொழிலின் வாரிசு. அப்பிள்ளையின் கையைத் தட்டி ஊக்குவிக்க ஊரார் கூடுவது வெறும் வேடிக்கைக்காக அன்று.

ஆலயச் சங்கங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, கோடை விடுமுறையில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு கண்காட்சிக்கு அழைத்துச் செல்லலாம். பல பண்ணைகள் திறந்த பண்ணை நாள் என்று ஒரு நாளை ஒதுக்கிப் பொதுமக்களை வரவேற்கின்றன. சில பண்ணைகள் பாடசாலை மாணவருக்கென்றே வகுப்பும் நடத்துகின்றன. இரண்டாவது, கன்றைத் தாயோடு விட்டு வளர்க்கும் பண்ணைகள் இந்நாட்டில் உள்ளன. விலை கூடினாலும் ஆலயத்துக்கு வேண்டிய பாலை அங்கிருந்து வாங்குவது பற்றி நிர்வாக சபை ஆராயலாம். அளவைக் குறைத்தால் செலவும் கூடாது. சிறு செம்பு நிறைந்த பாலை அன்போடு சொரிந்தாலும் அபிடேகம் அபிடேகமே. மூன்றாவது, பட்டிப் பொங்கலன்று பக்கத்துப் பண்ணையார் குடும்பத்தை அழைத்துப் பொங்கல் கொடுக்கலாம். இடங்கொடுப்பாராயின் அவருடைய கொட்டிலிலேயே பொங்கலாம். பொட்டிட்ட பசுவைக் கண்டு அவரது பிள்ளைகள் சிரிப்பர். பின்னர் ஏன் என்று கேட்பர். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தமிழ்ப் பிள்ளைகள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆயத்தம் செய்வது பெற்றாரின் கடமை.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமையும் ஒரு சிற்றுந்தும் போதும். சாணம் நாறுகின்றது என்று பிள்ளை மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும். சிறிது நேரத்தில் கன்று அதன் கையை நக்கும். அப்போது மூக்கைப் பிடித்த கை தானே இறங்கிவிடும். பசுவைத் தாய் என்று சொல்லிக் கொடுத்த பெரியோர், அந்தத் தாயை நேரில் காட்டவும் முன்வருவார்களாக.