புஜ்ஜி பேசிய தமிழ்

"அந்தக் காலத்துக் கார்ட்டூன் மாதிரி இப்போது எங்கே வருகிறது!" என்று அலுத்துக்கொள்வது நாவலூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒரு நாகரிகமாகிவிட்டது. அலுத்துக்கொள்பவர்களுக்கு என்ன வயது என்கிறீர்கள்? முப்பதை ஒட்டித்தான் இருக்கும். 'அந்தக் காலம்' என்று அவர்கள் சொல்வது, சன் குழுமத்தார் சுட்டி டி.வி.யைத் தொடங்கிய 2007-ஐ அடுத்த சில வருஷங்களை. மதுரையிலும் திருநெல்வேலியிலும் பள்ளிவிட்டு ஓடிவந்து, புத்தகப்பையைக் கழற்றாமலே டெலிவிஷன் முன் உட்கார்ந்த பிள்ளைகள், இன்று சிறுசேரியில் வேலையும் நாவலூரில் தவணைக்கு வாங்கிய வீடும் மூன்று வயதுக் குழந்தையுமாக இருக்கிறார்கள். ஏங்கட்டும், ஏங்குவதற்கு வயது வரம்பு கிடையாது. எதை இழந்தோம் என்றே தெரியாமல் ஏங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் டாம் அண்ட் ஜெர்ரியைக் கேட்கிறார்கள். அது எங்கேயும் போகவில்லை, ஐயா! 1940-ல் ஹன்னாவும் பார்பெராவும் எம்.ஜி.எம். கம்பெனியில் செய்த அந்தப் பூனையும் எலியும், பெரியவர்களும் போகிற சினிமாக் கொட்டகைக்கென்று பிறந்தவை. ஏழு ஆஸ்கார் வாங்கியவை. பேச்சு அபூர்வம், அடியும் ஓட்டமும் வாத்தியமுமே கதை. மொழியே வேண்டாத அந்தச் சரக்கு செல்போனில் எந்நேரமும் கிடைக்கிறது. பின் எதற்கு இந்த ஒப்பாரி?

டோராவின் சங்கதி வேறு. அமெரிக்காவில் அந்தச் சிறுமி இங்கிலீஷ் பேசி, நடுநடுவே ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தாள். நம் ஊருக்கு வந்தபோது தமிழ் பேசி, இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். பூட்ஸ் என்ற குரங்கு புஜ்ஜி ஆயிற்று. ஸ்வைப்பர் என்ற திருட்டு நரி, குள்ளநரி ஆயிற்று. இதை அற்பமாக நினைக்காதீர்கள். பூட்ஸ் என்றால் நம் குழந்தைக்குக் காலில் மாட்டுவது. புஜ்ஜி என்றால் மடியில் ஏறுவது. அந்தப் பெயரைச் சூட்டியவர் யாரோ, அவருக்கு என் நமஸ்காரம். ஜாக்கி சான் தொடரும் அப்படித்தான். பன்னிரண்டு மந்திரக் கற்களைத் தேடி அலையும் கதை, சீனத்துக் கிழவர், அமெரிக்கத் தயாரிப்பு. ஆனால் அந்தக் கிழவர் தமிழில் சிடுசிடுத்தபோது, நம் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெரியவராகவே ஆகிவிட்டார்.

இதற்கு முந்திய தலைமுறையையும் பாருங்கள். 1993-ஐ ஒட்டி, ஜப்பானில் செய்த 'ஜங்கிள் புக்'கை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் ஹிந்தியில் காட்டியது. மௌக்லி என்ன பேசுகிறான் என்று புரியாமலே நம் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் கண்ணில் மட்டும்தான் ஞாபகம். சுட்டி டி.வி. பிள்ளைகளுக்குக் காதிலும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காதில் இருப்பதுதான் போய்க்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுத் தொடரை டெலிவிஷன்காரர் பெரும்பாலும் விலைக்கு வாங்குவதில்லை; சில வருஷத்துக்கு வாடகை பேசி எடுக்கிறார். கெடு முடிந்தால் படத்தைக் காட்ட முடியாது. படம் இல்லாமல் அதற்கென்று பேசிய தமிழை மட்டும் எப்படி ஒலிபரப்புவது? படத்தை அமெரிக்கக் கம்பெனி பத்திரமாக வைத்துக்கொள்ளும். தமிழை யார் வைத்துக்கொள்வார்கள்?

காகிதத்துக்கு இந்தக் கதி இல்லை. 1947-ல் பிறந்த அம்புலிமாமாவைப் பைண்டு செய்து பெட்டியில் வைத்த குடும்பங்கள் உண்டு. முத்து காமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி' 1972-ல் வந்தது. அதுவும் இங்கிலாந்துச் சரக்குதான், தமிழ் பேசிற்று, அவ்வளவே. அதைப் படித்த பையன்கள் தலை நரைத்த பிறகும் சிவகாசிக்குப் பணம் அனுப்பி மாயாவியைக் கேட்டார்கள். மறுபதிப்பு வந்தது. அது ஏக்கம்!

நாவலூர்க்காரர்களுடையது என்ன ஏக்கம்? இன்றைக்கும் குழந்தைகள் சேனல்கள் பலவற்றில் தமிழ் ஒலி இருக்கிறது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தானை இங்கிலீஷுக்குத் திருப்பியது யார்? சேனல்காரரா? பக்கத்து வீட்டில் தெலுங்குப் பிள்ளை, எதிர் வீட்டில் ஹிந்திப் பிள்ளை, விளையாட இங்கிலீஷ் வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். அதற்காகத்தான் பள்ளிக்கூடம் பகலெல்லாம் பாடுபடுகிறது, கட்டணமும் வாங்குகிறது. சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு குரங்கு தமிழ் பேசினால் என்ன குடி முழுகிவிடும்?

குழந்தை தூங்கிய பிறகு இவர்கள் பழைய டோராவின் தேய்ந்துபோன துண்டுகளைத் தேடிப் பிடித்துச் சிரிக்கிறார்கள், நண்பர்களுக்கு அனுப்பிவைக்கிறார்கள். மறுநாள் காலையில் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டுவதில்லை. அந்தத் தமிழ் ஒலிப்பதிவு எந்த அலமாரியில் இருக்கிறது, இருக்கத்தான் இருக்கிறதா என்று கேட்டு ஒரு கடிதம் போட்டவர் இவர்களில் எத்தனை பேர்?