வெயிலில் ஊறும் தேநீர்

சித்திரை பிறந்துவிட்டால் திருப்பூர் வட்டாரத்தில் வெயில் வீட்டிற்குள்ளேயே வந்து குடியேறிவிடுகிறது. சிமெண்ட் அட்டைக் கூரையின்கீழ் வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்களும், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சகோதரிகளும் இதனை நன்கறிவர். தாகம் தீர்க்கும் மூலிகைப் பானம் ஒன்று, அதுவும் அடுப்பு மூட்டாமலே கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆவல் எழாது? கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றித் துளசி, புதினா, ஆவாரம்பூ இவற்றை இட்டு, மொட்டை மாடியில் நான்கைந்து மணி நேரம் வைத்து எடுப்பதே 'வெயில் தேநீர்'. அமெரிக்க இல்லங்களில் பழகிப்போன இம்முறையை நம்மில் சிலரும் செய்து பார்க்க விரும்பலாம். எரிவாயு மிச்சமாகுமே என்று எண்ணுவதும் இயல்பே.

ஆயினும் இல்லத்தரசியர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வெயிலில் வைத்த சாடியின் நீர் மிகுந்தால் 54 பாகை செல்சியஸ் அளவே சூடேறும். கிருமிகளைக் கொல்ல இது போதாது. 60 பாகைக்குக் கீழுள்ள வெதுவெதுப்பில் அவை பெருகவும் கூடும். காய்ந்த இலையிலும் பூவிலும் மண்ணும் தூசியும் ஒட்டியிருப்பது இயற்கை. அவற்றோடு நுண்ணுயிர்களும் வந்து சேரும். தேயிலையிலாவது காஃபீன் என்னும் பொருள் சிறிது நேரம் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். நம் மூலிகைகளில் அந்தக் காவலும் இல்லை. நீர் கொழகொழத்து நூல்போல் இழுபட்டால் அது கெட்டுவிட்டதற்கு அடையாளம். உடனே கொட்டிவிட வேண்டும். அடையாளம் தோன்றாததாலேயே அது நல்லதென்று துணிந்துவிடவும் கூடாது.

"சூரிய ஒளி கிருமிகளைக் கொல்லும் என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஃப்டிம் அக்ரா 1980களில் இதனை ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தின் 'இயாவாக்' ஆய்வு நிறுவனம் 1991 முதல் அவ்வாராய்ச்சியை வளர்த்தது. தெளிந்த நீரை 2 லிட்டருக்கு மேற்படாத, நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் கிடத்தினால் புற ஊதாக் கதிர் கிருமிகளை அழிக்கும். மேகமூட்டமானால் இரண்டு நாள் வேண்டும். ஆனால் நீர் தெளிந்திருப்பதே இதற்கு முதல் நிபந்தனை. இலையும் பூவும் மிதந்து நிறமேறிய நீரில் கதிர் ஊடுருவுவதில்லை. ஆகவே அந்த நன்மையை வெயில் தேநீரில் எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் ஊருக்கென்றே இன்னொரு செய்தியும் உண்டு. சாயக் கழிவால் நொய்யல் நதி கெட்டதும், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாம் அறிந்தவை. உப்பும் சாயமும் கலந்த கிணற்று நீரை வெயிலும் திருத்தாது, நெருப்பும் திருத்தாது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போகும், உப்போ தங்கிவிடும். ஆதலின் மூலிகைப் பானத்திற்குக் குழாயில் வரும் ஆற்றுக் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வெயிலால் பயனே இல்லையா? உண்டு. உலர்த்துவதற்கு வெயில், ஊறவைப்பதற்குக் கொதிநீர். இதுவே நல்ல முறை. பொங்கல் காலத்தில் காப்புக் கட்டும் ஆவாரம்பூ கொங்கு நாட்டு வறண்ட நிலத்திலும் பொன்னாய்ப் பூப்பது. அதன் இதழ்களை ஆய்ந்து, அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, வெயிலின் வெம்மை படும் நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாத புட்டியில் வைக்கலாம்.

செய்முறை எளிது. அரை லிட்டர் நீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு இறக்கி, 2 மேசைக்கரண்டி உலர்ந்த இதழும் ஒரு துண்டு இஞ்சியும் இட்டு 10 நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, முன்பே கொதித்து ஆறிய நீர் அரை லிட்டர் சேருங்கள். பாதி நீரை முந்திய இரவுச் சமையலின்போதே கொதிக்க வைத்துவிட்டால் காலையில் எரிபொருள் குறையும். கருப்பட்டி சிறிது சேர்க்கலாம். ஆறியதும் இரண்டு மணி நேரத்திற்குள் பருகிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருப்பின் ஒருநாள் வைக்கலாம்.

சில எச்சரிக்கைகள்: மஞ்சள் நிறப் பூவெல்லாம் ஆவாரை ஆகாது. சாலையோரத்தில் பூக்கும் மஞ்சள் அரளி கொடிய நஞ்சு. நிலாவாரை இலை பேதியாக்கும். தெரிந்தவர் காட்டிய செடியிலிருந்தே பறியுங்கள். நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேட்டபின்னரே பருகுதல் நலம். ஆவாரம்பட்டை தோல் பதனிடப் பயன்படுவது. அதிலுள்ள துவர்ப்புச் சத்து தேயிலையிலும் உண்டு. அச்சத்து உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கும். ஆகையால் சோகையுள்ள பெண்கள் தேநீரையும் துவர்ப்புள்ள பானங்களையும் உணவோடு அருந்தாமல், ஒரு மணி நேரம் கழித்து அருந்துவது நன்று.

வியர்வையில் உப்பும் வெளியேறுவதால், வேலைக்குச் செல்வோருக்கு மூலிகைப் பானம் மட்டும் போதாது. உப்பிட்ட நீர்மோர் ஒரு புட்டி கொடுத்தனுப்புங்கள். அடுப்பிற்கு ஒதுக்கும் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கு மருத்துவமனையில் ஐந்து நாள் கூலியை இழப்பது சிக்கனமாகாது.